கூரை உள்ள தண்ணீரில் இறங்குவதற்கு முன்

கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். டிசம்பரில் கனடாவில் இருக்கும் அக்கா குடும்பத்தோடு மெக்சிக்கோவின் கன்கூன் பக்கம் பத்து நாள் விடுமுறை. அங்கே செனோட்டே என்று சொல்லும் குகைக் கிணறுகளுக்குள் வழிகாட்டியோடு காற்றுச் சிலிண்டர் போட்டு இறங்கலாம் என்று அத்தான் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருக்கிறார். தம்பி நிலாவெளியில் ஓப்பன் வோட்டர் என்ற அடிப்படைச் சுழியோட்டப் பயிற்சி முடித்தவர். இதுவரை 11 முறை இறங்கியிருக்கிறார், கடைசியாக இறங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. "இரணைமடு வாய்க்காலில் நீந்திப் பழகினவன். கிணற்றுக்குள் வாளி விழுந்தால் அடிவரை போய் எடுத்துக்கொண்டு வருவேன். தண்ணீர்ப் பயம் இல்லை. வழிகாட்டியும் கூட வருகிறார்தானே, போகலாமா?" இதுதான் கேள்வி.

போகலாம் தம்பி. ஆனால் இப்போதிருக்கிற நிலையில் வேண்டாம். டிசம்பருக்கு முன் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது, அதைச் செய்துவிட்டுப் போங்கள். நான் முல்லைத்தீவுக் கரையில் வளர்ந்தவன். மாலைதீவில் பல வருடம் சுழியோட்டம் கற்றுக்கொடுத்தேன். நீங்கள் போகப் போகும் அதே குகைகளில் இரண்டு தடவை பயிற்சியும் எடுத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், நீங்கள் தைரியம் என்று சொன்ன விடயம். கிணற்றடிக்கு மூச்சை அடக்கிக்கொண்டு போய் வருவது நல்ல திறமைதான். ஆனால் சிலிண்டரோடு இறங்கும்போது அந்தப் பழக்கமே எதிரியாகிவிடும். அழுத்தமான காற்றைச் சுவாசித்துக்கொண்டு மூச்சை அடக்கினால், கொஞ்சம் மேலே எழுந்தாலும் நுரையீரலுக்குள் காற்று விரிந்து கிழித்துவிடும். காற்றை மிச்சம் பிடிக்கலாம் என்று விட்டுவிட்டு மூச்செடுத்தாலோ இரத்தத்தில் காபனீரொக்சைட்டு ஏறி, தலையிடியும் காரணமில்லாத பதற்றமும் வரும். அதைவிடப் பெரிய விடயம், கிணற்றில் வளர்ந்த உடம்புக்கு ஆபத்து என்றால் தெரிந்த ஒரே வழி மேலே போவது. கடலிலும் அதுதான் கடைசி வழி. எங்கள் கரையில் கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்கி, அவசரத்தில் வேகமாக மேலே வந்து, கால் விழுந்துபோன ஆட்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். என்னோடு படித்த ஒருவர் இன்றும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறார். அவர் உயிரோடு இருப்பதற்குக் காரணம் தலைக்கு மேலே வானம் இருந்தது. குகையில் தலைக்கு மேலே கல் இருக்கிறது. வந்த வழியாலேதான் திரும்ப வேண்டும், எவ்வளவு மூச்சுத் திணறினாலும் அந்தத் தூரம் முழுவதும் தண்ணீருக்குள்தான்.

குளத்தில் குளிக்கப் போகும் பிள்ளையிடம் "துருசுப் பக்கம் போகாதே" என்று ஏன் சொல்கிறோம்? நீந்தத் தெரியாது என்பதற்காகச் சொல்வதில்லை. தண்ணீர் திறந்துவிடும் அந்த மதகடியில் நீச்சல் உதவாது, அதனால் சொல்கிறோம். குகையும் அந்த மாதிரியான இடம். 2018 இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் அகப்பட்டபோது, உள்ளே சிலிண்டர் வைத்துவிட்டுத் திரும்பிய சமான் குனான் இறந்தார். அவர் அந்த நாட்டுக் கடற்படையின் விசேட சுழியோடிப் படையில் இருந்தவர், உடல் வலுவில் குறை இல்லாதவர். அது கலங்கல் வெள்ளத்தில் நடந்த மீட்பு வேலை, உங்கள் விடுமுறையோடு ஒப்பிட முடியாது. உடல் வலு ஒன்றே போதும் என்று நினைக்கிறவர்களுக்காக மட்டும் சொல்கிறேன்.

இனி, அங்கே விற்கிறார்களே அது என்ன என்று பார்ப்போம். ஆங்கிலத்தில் கவேர்ன், கேவ் என்று இரண்டு சொல். தமிழில் இரண்டுமே குகைதான், அதனால் குழப்பம் வரும். நான் குகைவாய், உட்குகை என்று பிரித்துச் சொல்கிறேன். குகைவாய் என்றால் வெளியிலிருந்து வரும் பகல் வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிற பகுதி. அந்த வெளிச்சம் மறைந்த இடத்திலிருந்து உட்குகை. உங்களுக்கு விற்கப்படுவது குகைவாய்ச் சுழியோட்டம் மட்டும். அதற்கு ஓப்பன் வோட்டர் அட்டை போதும். உட்குகைக்குப் போகத் தனிப் பயிற்சி வேண்டும், அது பல நாட்கள் எடுக்கும்.

ஒன்று கவனியுங்கள், வெளிச்சத்தை வைத்துத்தான் எல்லை போடப்பட்டிருக்கிறது. காலை பதினொரு மணிக்குக் குகைவாயாக இருந்த இடம் பின்னேரம் மழை மூட்டத்தில் உட்குகை ஆகிவிடும். டிசம்பரில் அங்கேயும் பொழுது சீக்கிரம் சாயும். காலை நேரத்தைப் பதிவு செய்யுங்கள்.

அந்தப் பகுதியில் வழிகாட்டிகள் பின்பற்ற வேண்டிய வரம்புகள் நீண்டகாலமாகப் பழகி வந்தவை. திறந்த தண்ணீரிலிருந்து 60 மீற்றருக்கு அப்பால் போகக் கூடாது. 21 மீற்றரை விட ஆழம் கூடாது. ஒரு வழிகாட்டிக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. இரண்டு பேர் பக்கம் பக்கமாகப் போக முடியாத இடுக்குக்குள் நுழையக் கூடாது. வெளிவாசல் வரை அறுபடாத வழிக்கயிறு இருக்க வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் ரோச் இருக்க வேண்டும், அது அணைந்தால் எடுக்க இன்னொன்றும் வேண்டும். காற்றில் மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும் திரும்ப வேண்டும்.

யாரோ மேசையில் இருந்து யோசித்து எழுதியவை அல்ல இவை. 1970களில் அமெரிக்காவின் புளோரிடாவில் ஊற்றுக் குகைகளுக்குள் ஆட்கள் தொடர்ந்து இறந்துகொண்டிருந்தார்கள். ஷெக் எக்ஸ்லி என்ற குகைச் சுழியோடி ஒவ்வொரு மரணத்தையும் எடுத்து எங்கே பிழை நடந்தது என்று தேடினார். திரும்பத் திரும்ப மூன்று விடயம் வந்தது. வழிக்கயிறு இல்லை, திரும்பி வரப் போதுமான காற்றை மிச்சம் வைக்கவில்லை, அளவுக்கு மீறிய ஆழம். பிறகு பயிற்சியின்மையையும் வெளிச்சமின்மையையும் சேர்த்தார்கள். இன்று உலகம் முழுவதும் இந்த ஐந்தையும்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். எக்ஸ்லியே 1994 இல் மெக்சிக்கோவின் ஸகடோன் என்ற ஆழ்குழியில், ஆழச் சாதனை முயற்சியின்போது இறந்தார். அவரளவு தெரிந்த ஆள் அன்று உலகிலேயே அரிது.

மூன்றில் ஒரு பங்கு என்பதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் கணக்குப் புரிந்தால்தான் நீங்களே அளவுமானியைப் பார்த்து முடிவெடுப்பீர்கள். அங்கே தருவது பெரும்பாலும் 11 லீற்றர் அலுமினியச் சிலிண்டர். 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் ஏறக்குறைய 2200 லீற்றர் காற்று. அமைதியாகச் சுவாசிக்கும் ஒருவருக்கு நிலத்தில் நிமிடத்துக்கு 20 லீற்றர் என்று வையுங்கள். 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு, ஆகவே 40 லீற்றர். மூன்றில் ஒரு பங்கு 730 லீற்றர் அளவு, அதாவது உள்ளே போக 18 நிமிடம். உங்களைப் போலப் புதிதாக இறங்குகிறவர் 30 லீற்றர் இழுப்பார், அவருக்கு 12 நிமிடம்தான். சரி, பாதி போனதும் திரும்பினால் என்ன? போன தூரத்துக்குத் திரும்பி வரவும் அதே காற்று வேண்டும். பாதியில் திரும்பினால் எல்லாம் சரியாக நடந்தால் மட்டும் வாசலுக்கு வந்து சேரலாம். மிகத் தொலைவான இடத்தில் வைத்து சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்றைத் தரும் ரெகுலேற்றர் உங்கள் கூட்டாளிக்குப் பழுதானால், ஒரே சிலிண்டரிலிருந்து இரண்டு பேர் மூச்செடுத்துத் திரும்ப வேண்டும். மூன்றாவது பங்கு அவருக்கு உரியது. பதறிய ஒருவர் சாதாரண அளவில் சுவாசிக்கவும் மாட்டார். அதனால் 200 பாரில் தொடங்கினால், குழுவில் யாராவது ஒருவருக்கு 135 பார் அளவு வந்த உடனே எல்லோரும் திரும்ப வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வெட்கப்படாமல் கை காட்டுங்கள்.

இப்போது வழிகாட்டி. உங்கள் கேள்வியே அவர் மேல்தான் நிற்கிறது. நல்ல வழிகாட்டி இந்த வரம்புகளுக்குள் உங்களை வைத்திருப்பார், அந்த வரம்புகள்தான் உங்களைக் காப்பாற்றும். வரம்பை மீறுகிற வழிகாட்டியோடு போவது தனியாகப் போவதை விட ஆபத்து, ஏனென்றால் தனியாக என்றால் நீங்கள் பயந்தாவது திரும்பியிருப்பீர்கள். சுற்றுலாப் பயணிகளை வெளிச்ச எல்லைக்கு அப்பால் கூட்டிப்போய், வழிகாட்டியும் சேர்ந்தே இறந்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. ஆகவே வரம்புகள் உங்களுக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும், அப்போதுதான் அவர் மீறுகிறார் என்பதே தெரியும்.

எனக்கு ஒருமுறை நடந்தது. முழுப் பயிற்சி எடுப்பதற்கு முன், சாதாரண வாடிக்கையாளனாக இறங்கியிருந்தேன். அந்தக் குகைகளில் குகைவாய் முடியும் இடத்தில் ஒரு பலகை வைத்திருப்பார்கள், அரிவாள் பிடித்த எலும்புக்கூட்டுப் படத்தோடு. இதற்கு அப்பால் போகாதே, இங்கே உயிரைக் கொடுத்துப் பார்க்கும்படி எதுவும் இல்லை என்று எழுதியிருக்கும். எங்கள் வழிகாட்டி அதற்குப் பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்ச தூரத்தில் அழகான அறை ஒன்று இருக்கிறது, வாருங்கள் என்று கையால் அழைத்தார். மற்ற இரண்டு பேரும் அசைந்தார்கள். நான் பெருவிரலை மேலே காட்டினேன். சுழியோட்டத்தில் அதற்கு "முடிந்தது, வெளியே போவோம்" என்று அர்த்தம். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரும்பினார். மேலே வந்த பிறகு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அந்த இரண்டு பேரில் ஒருவர் பிறகு காரில் வைத்து மெல்ல நன்றி சொன்னார், அவருக்கும் போக விருப்பம் இருக்கவில்லையாம். எவரும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல் பெருவிரலைக் காட்டலாம், அதற்கு மறுகதை இல்லை. இறங்க முன் வழிகாட்டி இதைச் சொல்கிறாரா என்று பாருங்கள். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

பதிவு செய்யும்போதே கேட்க வேண்டியவையும் உண்டு. வழிகாட்டிக்கு முழு உட்குகைப் பயிற்சி இருக்கிறதா? அவர் தனக்கு இரட்டைச் சிலிண்டர் கொண்டு வருவாரா? உங்களோடு எத்தனை பேர்? நான்கு பேர் வரம்புதான், ஆனாலும் உங்கள் அனுபவத்துக்கு இரண்டு பேருக்கு மேல் இருக்கும் குழுவில் போக வேண்டாம், கொஞ்சம் காசு கூடினாலும் பரவாயில்லை. கடைசியாக எப்போது இறங்கினீர்கள் என்று அவர்கள் உங்களிடம் கேட்கிறார்களா? அட்டையை மட்டும் பார்த்துவிட்டுக் காசு வாங்குகிற இடம் என்றால் வேறு இடம் தேடுங்கள். என்னைக் கேட்டால் இந்தக் கேள்வி ஒன்றே ஒரு கடையை எடைபோடப் போதும்.

அடுத்தது மிதப்பு, அதாவது தாழாமலும் எழாமலும் தண்ணீருக்குள் ஒரே உயரத்தில் நிற்பது. இதைத்தான் நீங்கள் பழக வேண்டும். அந்தக் குகைகளின் தரையில் மாவு போன்ற சேறு படிந்திருக்கிறது. கடலில் உதைப்பது போலக் காலை மேலும் கீழும் அடித்தால் அது கிளம்பி, கண்ணாடி போன்ற தண்ணீர் சில நொடிகளில் பால் மாதிரி ஆகிவிடும். குளத்தில் எருமை இறங்கின இடத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் இங்கே அதைத் தள்ளிக்கொண்டு போகக் காற்றும் இல்லை, அலையும் இல்லை. அந்த நேரத்தில் கையில் வழிக்கயிறு இல்லாவிட்டால் வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாது. அதனால் தவளை நீந்துவது போல முழங்காலை மடித்துப் பக்கவாட்டில் உதைக்கப் பழக வேண்டும். வயிறு தரையையும் சிலிண்டர் கூரையையும் தொடாமல் நடுவில் நிற்க வேண்டும். கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகள் கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியுகத்தில், குகை காய்ந்து கிடந்த காலத்தில் சொட்டுச் சொட்டாக உருவானவை. தலை பட்டு ஒன்று உடைந்தால் உடைந்ததுதான்.

உப்பில்லாத நல்ல தண்ணீரில் உடம்பு கடலை விடக் கூடத் தாழும். உபகரணத்தோடு 110 கிலோ வரும் ஆளுக்கு தாழ்வதற்காகக் கட்டும் ஈயத்தில் இரண்டரைக் கிலோ அளவு குறைக்க வேண்டி வரும். ஆனால் அங்கே தண்ணீர் 25 பாகை அளவுதான், எங்கள் உடம்புக்கு முக்கால் மணித்தியாலத்தில் குளிர் பிடித்துவிடும், தடித்த உடை போட வேண்டும், அந்த உடை மறுபடி மிதக்கப் பார்க்கும். நிலாவெளிக் கணக்கை அப்படியே சொல்லிவிடாமல், இறங்கும் திறந்த குளத்தில் முதல் ஐந்து நிமிடம் நின்று பார்த்துச் சரிசெய்யுங்கள்.

யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றைப் பார்த்திருக்கிறீர்களா? மேலே நல்ல தண்ணீர், கீழே போகப் போக உப்பு. சுண்ணாம்புக் கல் கரைந்து விழுந்த பள்ளம் அது. கன்கூன் இருக்கும் யுகற்றான் குடாநாடும் அதே கதைதான், அளவுதான் பெரிது. அங்கே சக் அக்துன் என்ற குகைத்தொகுதி 2018 இல் பக்கத்துத் தொகுதியோடு இணைவது கண்டுபிடிக்கப்பட்டபோது, நீருக்கடியில் 347 கிலோமீற்றர் என்று அளந்தார்கள். சில செனோட்டேகளில் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் சந்திக்கும் படையை நீங்கள் கடந்து போவீர்கள். எண்ணெயும் தண்ணீரும் கலந்தாற்போலப் பார்வை மங்கும், மிதப்பும் சட்டென்று மாறும். முன்னால் போகிறவருக்கு நேர் பின்னால் போகாமல் கொஞ்சம் பக்கவாட்டில் போனால் அந்தக் கலங்கல் குறையும். பதற வேண்டாம், அரை மீற்றர் மேலோ கீழோ போனால் தெளியும். இதை வாசித்துவிட்டு யாரும் நிலாவரைக்குள் இறங்க நினைக்க வேண்டாம். அங்கே வழிக்கயிறும் இல்லை, வழிகாட்டியும் இல்லை.

எந்த இடம் என்று கேட்டால், தூலும் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் தொஸ் ஓகொஸ் செனோட்டே நல்லது. குகைவாய்ப் பாதை 10 மீற்றர் ஆழத்துக்குள்தான் ஓடுகிறது, வெளிச்சமும் அழகு. அதற்கு முன் முதல் நாள், ஏதேன் தோட்டம் என்று பெயர் வைத்திருக்கும் செனோட்டேயில் இறங்கினால் இன்னும் நல்லது. அங்கே பெரிய திறந்த குளம் இருக்கிறது, கூரைக்குள் போகும் முன் உங்களை வழிகாட்டி வடிவாகப் பார்க்கலாம். படத்தில் மேகம் மாதிரி ஒரு வெண்படையும் அதற்குள் நிற்கும் மரக்கிளைகளும் பார்த்திருப்பீர்கள். அது அங்கெலிற்றா என்ற செனோட்டே, அந்த மேகம் 30 மீற்றர் அளவில் நிற்கும் ஐதரசன் சல்பைட்டு. அதுவும் த பிற் என்ற ஆழ்குழியும் இந்தப் பயணத்துக்கு வேண்டாம். அத்தான் அந்தப் படத்தைத்தான் அனுப்பியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இனி நாட்டில் இருக்கும்போதே செய்ய வேண்டியது. கிழக்குக் கரையில் ஒக்டோபரோடு கடல் கலங்கிவிடும், அதனால் தள்ளிப்போடாமல் நிலாவெளிக்குப் போங்கள். முதல் நாள் பயிற்றுநரோடு பழையதைப் புதுப்பியுங்கள்: முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் விட்டு வெளியேற்றுவது, கண்ணாடியே இல்லாமல் ஒரு நிமிடம் நின்று சுவாசிப்பது, கூட்டாளியின் காற்றில் மூச்செடுத்துக்கொண்டு மேலே எழாமல் கிடையாக நீந்துவது. கடைசியாகச் சொன்னதை ஓப்பன் வோட்டரில் மேலே போவதற்காகத்தான் பழகியிருப்பீர்கள், கூரைக்குக் கீழே தேவைப்படுவது கிடைத் தூரம். பிறகு பத்துப் பன்னிரண்டு முறையாவது இறங்குங்கள், ஏற்கெனவே இறங்கியதோடு சேர்த்து மொத்தம் 25 தடவை அளவு வரட்டும். இந்த 25 விதி இல்லை, என் கணிப்பு. அந்த அளவில்தான் பெரும்பாலானவர்களுக்கு மிதப்பு யோசிக்காமலே வரத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிடம் ஒரே உயரத்தில், கை அசையாமல், மணலைக் கிளப்பாமல் நிற்க முடிந்தால் நீங்கள் தயார். முடியாவிட்டால் எண்ணிக்கை 40 ஆனாலும் தயார் இல்லை.

மூடிய இடத்தில் மனம் எப்படி இருக்கும் என்பதையும் பாருங்கள். பங்கருக்குள் இருந்து வந்த தலைமுறை நாங்கள். இருட்டும் மேலே கூரையும் சேர்ந்தால் எங்கள் சிலருக்கு நெஞ்சு வேறுவிதமாக அடிக்கும். எனக்கே முதல் தடவை வாசலில் அப்படி வந்தது, திரும்பி வந்து குளத்தில் மிதந்துவிட்டு இரண்டாம் நாள்தான் போனேன். அது கோழைத்தனம் கிடையாது. உங்களுக்கும் வந்தால் வழிகாட்டியிடம் சொல்லுங்கள், அன்று வெளியே நில்லுங்கள். தடிமல், காது அடைப்பு, முந்திய இரவு குடி, நித்திரைக் குறைவு என்றாலும் அப்படியே. ஆஸ்துமா இருந்தால் சுழியோட்டம் தெரிந்த வைத்தியரிடம் முதலே காட்டுங்கள்.

பயணக் காப்புறுதி எடுக்கும்போது சிலிண்டர்ச் சுழியோட்டம் சேர்த்தியா என்று வரி வரியாக வாசியுங்கள், பலவற்றில் இல்லை. கடைசியாக இறங்கியதற்கும் விமானத்துக்கும் இடையில் குறைந்தது 18 மணித்தியாலம் வேண்டும், நீங்கள் முழு ஒரு நாள் விடுங்கள். குகை நாட்களை விடுமுறையின் நடுவில் போட்டால் இது தானாகச் சரிவரும். அக்காவும் பிள்ளைகளும் சிலிண்டர் இல்லாமல், உயிர்காப்பு அங்கியும் முகக்கண்ணாடியும் போட்டு அதே செனோட்டேயின் திறந்த பகுதியில் மிதக்கலாம். நீங்கள் உள்ளிருந்து திரும்பி வரும்போது, நீல வெளிச்சத்துக்கு மேலே அவர்களுடைய கால்கள் அசைவது தெரியும்.